சூடம் வைத்துப் பிடிபட்ட கதை: கைட்ஸ் (பெண்பிள்ளைகளின் சாரணர் இயக்கம்) பேட்ஜ் வாங்கினவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அம்பாசமுத்திரத்துக்காரி

பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கியபோது என் பழைய கைட்ஸ் சட்டையின் கை கிடைத்தது. சட்டை இல்லை, கை மட்டும்தான். அம்மா சட்டையை அடுப்படிக் கரித்துணியாக்கிவிட்டு, பேட்ஜ் தைத்திருந்த பகுதியை மட்டும் கத்தரித்து எடுத்து வைத்திருக்கிறாள். அதில் ஒரு பேட்ஜ் கோணலாக இருக்கிறது. மற்றதெல்லாம் டெய்லர் தைத்தது, அது நானே முகாமில் உட்கார்ந்து தைத்தது. துவிதிய சோபான்.

கைட்ஸில் இல்லாதவர்களுக்கு: சோபான் என்றால் படி. முதலில் பிரவேஷ், அப்புறம் பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான், அதற்கு மேலே ராஜ்ய புரஸ்கார் (மாநில விருது), உச்சியில் குடியரசுத் தலைவர் விருது. எட்டாம் வகுப்பில் எங்களுக்கு இந்தி வாசனையே கிடையாது, சோபான் என்றதும் குளிக்கிற சோப்பு ஞாபகம் வந்து சிரித்ததுதான் மிச்சம். எல்லாப் படியிலும் கையால் செய்துகாட்ட வேண்டிய வேலை இருக்கும். முடிச்சு, கட்டு, கூடாரம், முதலுதவி, சமையல்.

1996 ஐப்பசி. தோப்புக்குள் முகாம். எங்கள் ஊர்ப்பக்கம் ஐப்பசியில் முகாம் போட்டவர் யாரோ தெரியாது, அவர் மட்டும் கையில் கிடைத்திருந்தால்! மூன்று நாளும் அடைமழை. எங்கள் அணிக்குப் பெயர் சூரியகாந்தி (கைட்ஸில் அணிக்கெல்லாம் பூப்பெயர்தான் வைப்பார்கள்), அந்த மூன்று நாளில் சூரியனைத்தான் பார்க்கவில்லை. சோதனை இதுதான்: இரண்டே தீக்குச்சியில் விறகு அடுப்பு பற்றவைத்து, கருப்பட்டிக் காப்பி போட்டுத் தேர்வாளர் அக்காவுக்குக் கொடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் கூடாது, காகிதம் கூடாது.

சுள்ளி எல்லாம் நனைந்து கிடந்தது. எங்கள் அணித் தலைவிக்கு மூளை ஓடியது. முகாமில் காலை வழிபாட்டுக்கு வைத்திருந்த சூடத்தில் நாலு வில்லையை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்தாள், ஏனென்றால் என் பாவாடையில்தான் உள்பை இருந்தது. சுள்ளிக்கு அடியில் வைத்தேன், முதல் குச்சியிலேயே ‘பக்’ என்று பற்றியது. எங்களுக்கு ஒரே பெருமை. அக்கா பத்தடி தள்ளி அடுத்த அணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லத் தலையைத் திருப்பி, மூக்கை ஒரு தடவை உறிஞ்சிவிட்டு, “என்ன, இங்கே கோயில் வாசனை வருது?” என்றார்.

அவ்வளவுதான். பானையை இறக்கச் சொன்னார், அடுப்பைக் கலைக்கச் சொன்னார். திட்டவே இல்லை, அதுதான் தாங்கவில்லை. நோட்டில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு மட்டும் போட்டார். “நாளைக்குக் காலையில வா. தனியா வா.”

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. சமையல் செய்ய வந்த ஆச்சி ஒருவர் இருந்தார், நான் அழுததைப் பார்த்துவிட்டு, “ஏட்டி, தென்னந்தோப்புக்குள்ள உக்காந்துக்கிட்டு நெருப்புக்கு அழுதியே, பன்னாடை” என்றார். நான் வசவு என்று நினைத்து இன்னும் அழுதேன். அவர் சொன்னது நிஜப் பன்னாடை. தென்னை மட்டையின் அடியில் மரத்தைச் சுற்றி வலை மாதிரி இருக்குமே, அது. மேல் சுற்று நனைந்திருந்தாலும் உள் சுற்று மொறுமொறுவென்று இருக்கும். அதைக் கையால் கசக்கி நாராக்கி, குருவிக்கூடு மாதிரி உருட்டி, அதன்மேல் விளக்குமாற்று ஈர்க்கு, அதன்மேல் தோல் சீவிய சுள்ளி (ஈரமான சுள்ளி என்றாலும் பட்டையைச் சீவினால் உள்ளே காய்ந்திருக்கும்), அப்புறம் சிரட்டை, கடைசியில்தான் விறகு. ராந்தல் வெளிச்சத்தில் ஆச்சி இரண்டு தடவை செய்து காட்டினார்.

காலையில் முதல் குச்சி காற்றில் போய்விட்டது. கை நடுங்கியது. அக்கா ஒன்றும் சொல்லாமல் எழுந்து நடந்து அடுப்புக்கு மறுபக்கம் போய் நின்றார். அப்போதுதான் உறைத்தது, நான் காற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், சுவாலை சுள்ளிக்குள் போகாமல் என் பக்கமே சாய்ந்தது. காற்று வருகிற பக்கம் மாறி உட்கார்ந்து இரண்டாவது குச்சியைக் கிழித்தேன். பன்னாடை முதலில் புகைந்தது, குனிந்து ஊதினேன், ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு ஓடியது, பிடித்துக்கொண்டது. காப்பியில் ஒரே புகைநாற்றம். அக்கா முழு டம்ளரையும் குடித்தார்.

உங்கள் கதையையும் எழுதுங்கள். மாட்டிக்கொண்ட கதையாக இருந்தால் இன்னும் நல்லது.

கோவைப் பொண்ணு

சூடமா! நாங்கள் மெழுகுவர்த்தித் துண்டு வைத்தோம். மாட்டவில்லை. ஹி ஹி.

பேர் வேண்டாம்

நான் மாட்டிக்கொண்டது பல வருஷம் கழித்து. என்னிடம் ராஜ்ய புரஸ்கார் சான்றிதழ் இருக்கிறது, சட்டம் போட்டு அப்பா வீட்டில் மாட்டியும் வைத்திருக்கிறார். ஆனால் உண்மையைச் சொன்னால் நான் படித்த பள்ளியில் கைட்ஸ் என்றால் லாக் புக் (செய்த பயிற்சியை எழுதிவைக்கிற நோட்டு) எழுதுவதுதான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து சீனியர் அக்காவின் நோட்டைப் பார்த்துக் கூடாரம் வரைவோம், முடிச்சை வரைவோம், போகாத நடைப்பயணத்துக்கு வழிப்படம் வரைவோம். எனக்கு ஓவியம் நன்றாக வரும், அதனால் எனக்கு நல்ல பெயர். சணல் கயிற்றை நோட்டில் ஒட்டி ‘குளோவ் ஹிட்ச்’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதினேன், அந்த முடிச்சைப் போட்டது பக்கத்து வீட்டு அண்ணன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் பேருந்து நிலையத்தில் அம்மா படியில் வழுக்கி விழுந்து முன்கை உடைந்துவிட்டது. சுற்றிலும் கூட்டம். நான் கைட், எனக்கு முதலுதவி தெரியும் என்று நினைப்பு. துப்பட்டாவை மடித்துத் தூளி மாதிரி கையைத் தாங்கிக் கழுத்தில் கட்டினேன். ஆட்டோவில் ஏறும்போதே முடிச்சு நழுவி அம்மா கை தொப்பென்று மடியில் விழுந்தது. அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மறுபடி கட்டினேன், மறுபடி நழுவியது. மருத்துவமனையில் ஒரு நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, “வலது முனை இடது மேல போச்சுன்னா அடுத்த சுத்துல இடது முனை வலது மேல போகணும்மா, ரெண்டு தடவையும் ஒரே பக்கமா சுத்திட்டீங்க” என்று இரண்டு விநாடியில் போட்டுக் காட்டினார். ரீஃப் நாட். பிரதம சோபானிலேயே வருகிற முடிச்சு. அதுவும் பிடரியில் போடாமல், உறுத்தாமல் காறை எலும்புக் குழியில் உட்காருகிற மாதிரிப் போட்டார்.

லாக் புக்கில் அந்தப் பக்கத்துக்கு எனக்கு ‘மிக நன்று’ போட்டிருக்கிறார்கள். நீங்கள் சூடத்தோடு மாட்டிக்கொண்டது நல்லதுதான் அக்கா, என்னை யாரும் பிடிக்கவே இல்லை.

ரிட்டயர்ட் டீச்சர், ஈரோடு

22 வருஷம் கைட்ஸ் டீச்சராக இருந்தேன், மேலே எழுதிய பிள்ளை சொன்னது முழுக்க உண்மை. லாக் புக் அழகாக இருந்தால் பேட்ஜ் என்ற வழக்கம் எங்களில் சிலர் செய்த பாவம். நானும் ஒரு வருஷம் அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், மறைப்பானேன்.

ஆனால் பிள்ளைகளைக் கையால் செய்யவிட்டால் வருகிற வேடிக்கையே தனி. திருதிய சோபானுக்கு உயரம் கணிக்கச் சொல்வோம். மரத்தில் ஏறாமல் அதன் உயரத்தைச் சொல்ல வேண்டும். சுலபமான வழி நிழல்தான். ஒன்றரை மீட்டர் கம்பை நட்டு அதன் நிழலை அள, மரத்தின் நிழலையும் அள, கணக்குப் போடு. கம்பின் நிழல் 120 செ.மீ., தென்னையின் நிழல் 9.6 மீட்டர் என்றால் மரம் 12 மீட்டர். மல்லிகை அணி சரியாகச் சொன்னது. ரோஜா அணி அதே மரத்துக்கு 10 மீட்டர் என்று அடித்துச் சொல்கிறது. கணக்கைப் பார்த்தேன், பெருக்கல் வகுத்தல் எல்லாம் சரி. கேள்விமேல் கேள்வி கேட்டதில் தெரிந்தது: காலையில் கம்பு நிழலை அளந்துவிட்டு, டீ வந்ததும் டீக்குப் போய்விட்டு, முக்கால் மணி நேரம் கழித்து வந்து மர நிழலை அளந்திருக்கிறார்கள். வெயில் ஏற ஏற நிழல் சுருங்குமே! அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் மரம் இரண்டு மீட்டர் குள்ளமாகிவிட்டது. ஆனால் அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தோப்பில் தேங்காய் பறிக்க வந்தவரைக் கெஞ்சி, உச்சியிலிருந்து கயிற்றைத் தொங்கவிடச் சொல்லி அளந்தார்கள். பதினொன்றே முக்கால். “மல்லிகையும் தப்புதானே டீச்சர்” என்றாள் ரோஜா அணித் தலைவி. அவள் இப்போது சிவில் இஞ்சினியர்.

முகாமுக்கு அனுப்பப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பேட்ஜ். “பொம்பளப் பிள்ளைக்குக் கூடாரம் எதுக்கு” என்று கேட்காத அப்பா இல்லை. நான் ஒரு கதை வைத்திருந்தேன். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஆண் சாரணர்களுக்குப் பேரணி. அழைப்பே இல்லாமல் சில பெண்பிள்ளைகள் சீருடை மாதிரி எதையோ போட்டுக்கொண்டு வந்து, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் முன்னால் நின்று, நாங்களும் சாரணர்கள்தான் என்றார்கள். அடுத்த வருஷமே அவர்களுக்குத் தனி இயக்கம் வந்தது, அதற்கும் அடுத்த வருஷம் 1911இல் ஜபல்பூரில் இந்தியாவின் முதல் படை. இதைச் சொல்லி, “கூப்பிடாமலே வந்த பிள்ளைகள் அவர்கள், உங்கள் பிள்ளையை நான் கூப்பிடுகிறேன்” என்பேன். பாதிப் பேர் கையெழுத்துப் போடுவார்கள். மீதிப் பேருக்கு வீட்டுக்குப் போய் அம்மாக்களைப் பிடிக்க வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பாம்பு கடித்தால் மேலே இறுக்கிக் கட்டு என்று பல வருஷம் நானே சொல்லிக்கொடுத்தேன், அப்படிக் கட்டிக்காட்டிய பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணும் போட்டேன். இப்போது அது கூடாது என்கிறார்கள்: இறுக்கிக் கட்டாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே, எலும்பு முறிந்த கையை வைக்கிற மாதிரி அசையாமல் வைத்து நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோ. பழைய மாணவிகள் யாராவது இதைப் படித்தால் அந்தப் பாடத்தை மட்டும் அழித்துவிடுங்கள்மா. உப்புச் சர்க்கரைக் கரைசல் அப்படியேதான் இருக்கிறது: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கரண்டியைத் தட்டையாக வழித்துப் போட வேண்டும்.

யாழ் பிள்ளை

நாங்கள் இலங்கையில் பெண் சாரணியர். கண்டியில் 1917இல் தொடங்கினது எண்டு ரீச்சர் ஒவ்வொரு வருசமும் சொல்லுவா. எனக்குக் கைப்பணிக்கு ஒரு சின்னம் எடுக்க வேணும். நான் கடையில் வாங்கின பிளாஸ்டிக் நாரில் பை பின்னிக்கொண்டு போனேன், வடிவாகத்தான் இருந்தது. பரீட்சிக்க வந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பிள்ளை, உங்கட வளவில பனை இல்லையோ?” எண்டு கேட்டா. எங்கட வளவில பதினெட்டுப் பனை. அடுத்த கிழமை முழுக்க அம்மம்மாவோடு இருந்து குருத்தோலை வாட்டி, ஈர்க்கு நீக்கி, வார்ந்து, ஒரு சின்னப் பெட்டி இழைச்சேன். ஓலை விளிம்பு கைவிரலை எல்லாம் வெட்டிப்போட்டுது. மூடி சரியாகப் பொருந்தேல்லை. சின்னம் தந்தார்கள். அந்தப் பெட்டியில்தான் இப்பவும் அம்மம்மா வெத்திலை வைக்கிறா, மூடி இல்லாமல்.

ரயில்வேக்காரர்

என் மனைவி சார்பாக எழுதுகிறேன். அவர் குடியரசுத் தலைவர் விருது பெற்ற கைட். ரயில்வேயில் ஸ்கவுட்ஸ் கைட்ஸ் ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு, அதில்தான் வேலைக்கு வந்தார். ஆபீசில் இன்னும் சிலர் “முடிச்சுப் போட்டு வேலை வாங்கினவங்க” என்று கிண்டல் செய்வார்கள். பதில் சொல்ல மாட்டார். ஒரு நாள் குவார்ட்டர்ஸில் ஃபிரிஜ்ஜை மாடிக்கு ஏற்றும்போது சுமைக்காரர் கட்டிய கயிறு அவிழ, கிண்டல் செய்த அதே ஆள்தான் ஓடிப்போய் இவரைக் கூட்டிவந்தார்.

அம்பாசமுத்திரத்துக்காரி

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ரிட்டயர்ட் டீச்சர், மதிப்பெண் போட்டேன் என்று நீங்களே எழுதியதைப் படித்ததும் அந்தத் தேர்வாளர் அக்கா நோட்டில் போட்ட கோடுதான் கண்முன் வந்தது. பேர் வேண்டாம் தங்கை, அம்மா கை இப்போது சரியாகிவிட்டதா? எழுதுங்கள்.

நேற்று நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். என் மகள் ஏழாம் வகுப்பு, இந்த வருஷம்தான் கைட்ஸில் சேர்ந்திருக்கிறாள். மொட்டை மாடியில் மூன்று செங்கல் வைத்து, பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து பன்னாடை வாங்கிவந்து, கையில் தீப்பெட்டியைக் கொடுத்தேன். இரண்டு குச்சி, அவ்வளவுதான் என்றேன். முதல் குச்சி போயிற்று. அவள் கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் நிமிர்ந்து, “அம்மா, சாமி ரூம்ல இருந்து ஒரே ஒரு சூடம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டாள். சத்தியமாக இந்தக் கதையை நான் அவளிடம் சொன்னதே இல்லை.