டெட்வெயிட்: வீண்சுமையா, விழலிறைப்பா?

வணக்கம்.

இளையோர் வேலையின்மை பற்றிய அறிக்கை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ஆள் எடுக்கும் முதலாளிக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு ஏற்பதுதான் ‘வேஜ் சப்சிடி’; அதற்கு ஊதிய மானியம் என்று எழுதிவிட்டேன். ‘டெட்வெயிட்’ வரும் இடத்தில்தான் நின்றுவிட்டேன். மானியம் இல்லாவிட்டாலும் முதலாளி எடுத்திருக்கக்கூடிய ஆளுக்கும் மானியம் போய்விடுகிறதே, அதைக் குறிக்கும் சொல். வீண்சுமை என்றால் ஒட்டவில்லை. ‘விழலிறைப்பு’ எப்படி?

*

விழலிறைப்பு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விழலுக்கு இறைத்தால் யாருக்கும் பயனில்லை. இங்கே ஒருவருக்குக் கொழுத்த பயன் இருக்கிறது, முதலாளிக்கு!

தென்னாப்பிரிக்காவின் வேலைவாய்ப்பு வரிச் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஜனவரியில் தொடங்கியது. 18 முதல் 29 வயதுக்குள் இருப்பவரைக் குறைந்த சம்பளத்தில் புதிதாக வேலைக்கு எடுத்தால், தொடக்கத்தில் முதலாளிக்குக் கிடைத்தது முதல் 12 மாதங்களுக்கு மாதம் 1,000 ராண்ட் வரை, அடுத்த 12 மாதங்களுக்கு அதில் பாதி வரை. பணம் யார் கையிலும் தரப்படுவதில்லை. ஊழியர்களிடம் பிடித்த வருமான வரியை நிறுவனம் மாதாமாதம் அரசுக்குக் கட்டும்போது, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டும். வேலைக்குச் சேர்ந்த பையனுக்குத் தன் பெயரில் ஒரு சலுகை ஓடுவதே தெரியாமல் போகலாம்.

சலுகை தொடங்கிய 2014இல், டர்பனில் ஒரு பெரிய மளிகை அங்காடி என்று வைத்துக்கொள்வோம். பில் போடும் இடத்தில் ஆட்கள் வருவதும் போவதுமாகவே இருப்பார்கள். காலியாகும் இடத்தில் இளையவர்களைத்தான் எடுப்பார்கள். 3,000 ராண்ட் சம்பளத்தில் நேற்றும் எடுத்தார்கள், இன்றும் எடுக்கிறார்கள். இன்று எடுத்தவருக்கு மட்டும் 1,000 ராண்ட் கழிவு. கூடுதலாக ஒரு வேலைகூட உண்டாகவில்லை. தொடக்க மாதங்களை ஆராய்ந்தவர்களும் இளையோர் வேலைவாய்ப்பில் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காணவில்லை.

ஆகவே பணம் வீணானதைவிட, அந்த நியமனம் எப்படியும் நடந்திருக்கும் என்பதே கருத்தின் மையம். சொல்லும் அதைத்தான் பிடிக்க வேண்டும். என் பரிந்துரை: இயல்நியமனம். அதற்குப் போன தொகை இயல்நியமனச் செலவு.

அப்புறம் இன்னொன்று. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ‘சப்ஸ்டிட்யூஷன்’ பக்கத்திலேயே வரும். மூத்தவரை அனுப்பிவிட்டு, சலுகைக்காக இளையவரை வைப்பது. கோசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பு அந்தச் சலுகையை எதிர்த்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். சட்டமும் இதற்கு 30,000 ராண்ட் அபராதம் வைத்தது. இதை ‘ஆள்மாற்று’ என்று சொல்லிவிடலாம். இதற்கு ‘இடப்பெயர்வு’ என்ற சொல் வேண்டவே வேண்டாம். ஈழத்து வாசகருக்கு அந்தச் சொல் வேறெதையோ நினைவூட்டும்.

*

ஆள்மாற்று சரி. ‘நியமனம்’ எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது, அரசு வேலை ஆணை மாதிரி. ஆனால் ‘சேர்க்கை’ கல்லூரிக்குப் போய்விட்டது, ‘ஆள்சேர்ப்பு’ ராணுவத்துக்கு. வேறு வழியில்லை.

இந்தியத் திட்டத்தில் சொல்லைப் பொருத்திப் பார்த்தேன். 2025 ஆகஸ்ட்டில் தொடங்கிய பிரதமர் விக்சித் பாரத் ரோஸ்கார் யோஜனாவில், கூடுதலாக எடுக்கும் ஒவ்வொருவருக்கும் முதலாளிக்கு மாதம் 3,000 ரூபாய் வரை கிடைக்கும். 50 பேருக்குக் குறைவான நிறுவனம் குறைந்தது 2 பேரையும், மற்றவை 5 பேரையும் கூடுதலாக எடுத்து ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். மொத்த ஆள் எண்ணிக்கை உயர வேண்டும் என்பதால் ஆள்மாற்றுக்கு இதில் இடம் குறைவு. ஆனால் ஆர்டர் குவிந்து எப்படியும் ஐந்து பேரை எடுக்கவிருந்த ஓசூர்த் தொழிற்சாலைக்கும் இதே பணம்தானே? அந்த ஐந்தும் இயல்நியமனமே. இரண்டு சொல்லும் தனித்தனியாக நிற்கின்றன.

*

இருவருக்கும் நன்றி. இயல்நியமனம், ஆள்மாற்று இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். அட்டவணையில் ‘இயல்நியமன விகிதம்’ என்று போடுகிறேன். இலக்கணம் பார்ப்பவர்கள் சந்தி சேர்த்து ‘இயனியமனம்’ ஆக்கச் சொல்லாமல் இருந்தால் போதும், வாசகர் ஓடிவிடுவார்.