பாய்வள்ளத்தில் ஜிபிஎஸ் ஆன்டெனா எங்கே வைத்தீர்கள்?

மல்லிப்பட்டினம்:
பாய்வள்ளத்துக்குப் புதுசா ஜிபிஎஸ் வாங்கியிருக்கோம். ஆன்டெனா தனியா, காளான் மாதிரி இருக்கு. மச்சான் பாய்மரத்து உச்சியில கட்டச் சொல்றார், "உசரத்துல இருந்தாத்தான் இழுக்கும்"ங்கிறார். கட்டினவங்க யாராவது சொல்லுங்க.

நாகப்பட்டினம்:
தம்பி, உச்சி வேண்டவே வேண்டாம். உயரம் தேவைப்படுவது படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவுக்கு. அதன் அலை நேர்கோட்டில் போவதால், ஆன்டெனா ஏற ஏறப் பேச்சு தூரம் எட்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களோ தலைக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டரில் சுற்றுகின்றன. பாய்மரம் கூட்டித் தரும் எட்டு மீட்டர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நாலாபக்கமும் வானம் திறந்திருந்தால் போதும்.

உச்சியில் வைத்தால் கெடுதலும் உண்டு. எட்டு மீட்டர் மரம் இரண்டு பக்கமும் 20 டிகிரி சாய்ந்தால், நுனி ஐந்து மீட்டருக்கு மேல் போய்வரும். அதையும் படகின் ஓட்டமாகவே கருவி கணக்குப் பண்ணும். எங்கள் சொந்தக்காரர் வள்ளத்தில் பார்த்தேன். நாகூருக்கு நேரே நங்கூரம் போட்டு, சோழகக் காற்றில் (தென்காற்று) ஆடிக்கொண்டு நிற்கிறோம். திரையில் வேகம் இரண்டு நாட் என்கிறது, அடுத்து பூஜ்யம், மறுபடி ஒன்றரை. போகும் திசை ஒருமுறை வடக்கு, ஒருமுறை கிழக்கு. ஆன்டெனாவை இறக்கி அமரத்தில், அதாவது வள்ளத்தின் பின்பக்கம், இடுப்புயரக் குழாயில் மாட்டியதும் எண்கள் அடங்கிவிட்டன. கேபிளும் பாதிதான் தேவைப்பட்டது.

கோடியக்கரை:
அமரம்தான் சரி, அண்ணன் சொன்னதை அப்படியே செய்யுங்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சுக்கான் பிடிப்பவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டி வைக்காதீர்கள், மனித உடம்பே சிக்னலை மறைக்கும். துணிப்பாய் குறுக்கே வந்தால் பயமில்லை, தகரக் கூரைக்குக் கீழே மட்டும் கூடாது. விஎச்எஃப் ஆன்டெனாவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

நம் பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த இந்திய-இலங்கை எல்லைக்குக் கடலில் அடையாளம் கிடையாது. ராத்திரியில் வலை விட்டு நீரோட்டத்தோடு போகும்போது திரையில் தெரியும் இடம்தான் நமக்குக் கணக்கு. அது தப்பினால் வீட்டில் எல்லோரும் அழ வேண்டிவரும்.

மல்லிப்பட்டினம்:
நன்றி அண்ணே. அமரத்துலயே வைக்கிறோம். கேபிள் சேர்ற இணைப்புக்கு என்ன சுத்துறது?

நாகப்பட்டினம்:
தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள், சாதா கரண்ட் டேப் நிற்காது. சொந்தக்காரர் வள்ளத்து இணைப்பைப் பிரித்தபோது உள்ளே செம்பு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. டேப்புக்கு முன்னால் கேபிளை ஒருமுறை கீழே வளைத்துத் தொங்கவிடுங்கள். ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.