வெள்ளிக்கிழமை தெரிந்த கணக்கு திங்கட்கிழமை மறந்துபோகிறது: வாரத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

உசிலம்பட்டி டீச்சர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். நாலாவது, அஞ்சாவதைத் தலைமையாசிரியர் அக்கா பார்த்துக்கொள்கிறார். ஒண்ணு, ரெண்டு, மூணு மூன்றும் என்னிடம், ஒரே அறையில். மொத்தம் 21 பிள்ளைகள்.

சின்ன வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுக்கிற அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து, பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துத்தான் உட்கார வைக்கிறேன். மூணாவது படிக்கிற பிள்ளைக்கு எழுத்தே தெரியாவிட்டாலும் அதற்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கலாம். அது எனக்குப் பெரிய ஆறுதல். என் கவலை வேறு.

மூணாவதில் எட்டுப் பேர். போன வெள்ளிக்கிழமை 52இலிருந்து 17 கழிக்கச் சொன்னேன். ஆறு பேர் 35 என்று சரியாக எழுதினார்கள். திங்கட்கிழமை அதே கணக்கைக் கரும்பலகையில் போட்டேன். ஒருத்தி வரவில்லை. இரண்டு பேர் சரி. மீதி ஐந்து பேரும் 45. ஐந்து பேரும் மேலே இருக்கிற 2ஐக் கீழே இருக்கிற 7இலிருந்து கழித்திருக்கிறார்கள். கவனக்குறைவு என்றால் ஐந்து பேருக்கும் ஒரே தப்பு வருமா? நான் சொல்லிக்கொடுத்ததில்தான் ஏதோ கோளாறு என்று மனசு அடித்துக்கொள்கிறது.

தமிழிலும் இதே கதை. சொல்வதெழுதுதலில் பழம் ‘பளம்’ ஆகிறது, மழை ‘மளை’ ஆகிறது. நம்ம பக்கத்துப் பேச்சில் ழ எங்கே இருக்கிறது? நானும் வீட்டில் வாளப்பளம் என்றுதான் சொல்லி வளர்ந்தேன். அந்தப் பிள்ளைகளை எப்படிக் கோபிப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மல்லி வரத்து கூடுகிற மாதங்களில் சில பிள்ளைகள் விடியலிலேயே அம்மாவோடு பூப்பறிக்கப் போய்விட்டுத்தான் வருவார்கள். பள்ளியில் காலைச் சாப்பாடு இருப்பதால் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று நம்ம மதுரையில்தான் அந்தத் திட்டம் தொடங்கியது. அதனால் மணியடிப்பதற்கு முன்னால் எனக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கிறது. அதையும் சேர்த்து வாரத்தை எப்படி அமைப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திருமங்கலம் ஓய்வுபெற்ற ஆசிரியர்

டீச்சரம்மா, அந்த ஐந்து பேரும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். ‘பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி’ என்று ஒண்ணாவதில் நாம்தானே சொன்னோம்? அதை நம்பி 7இலிருந்து 2ஐக் கழித்துவிட்டார்கள்.

நான் செய்தது இது. தென்னை ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போடச் சொல்வேன். கட்டுவதும் பிள்ளைகள்தான், அவிழ்ப்பதும் பிள்ளைகள்தான். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ‘எனக்கு ஏழு உதிரி கொடு’ என்று கையை நீட்டுங்கள். பிள்ளை இரண்டைக் கொடுத்துவிட்டு விழிக்கும். நீங்கள் பேசாமல் இருங்கள். ஒரு கட்டம் வரைக்கும் பொறுத்தால் அதுவே ஒரு கட்டை அவிழ்க்கும். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் அவ்வளவு குச்சியும்.

‘கடன் வாங்கு’ என்கிற சொல்லை விட்டுவிடுங்கள். கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும், இங்கே யாரும் கொடுப்பதில்லை. பிள்ளைக்குக் குழப்பம். புத்தகத்தில் இனமாற்றம் என்று இருக்கும். நான் ‘சில்லறை மாத்து’ என்பேன். பத்து ரூபாய் நோட்டை ஒத்த ரூபாயாக மாற்றுவது கடைக்குப் போகிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும். குறைந்தது ஒரு வாரமாவது நோட்டில் எழுத விடாதீர்கள். எழுத ஆரம்பித்ததும் விடையைக் கூட்டிப் பார்க்கப் பழக்குங்கள். 45உம் 17உம் 62. ‘நம்மகிட்ட இருந்தது 52தானே?’ என்று பிள்ளையே நிமிர்ந்து பார்க்கும்.

வாரம் பற்றிக் கேட்டீர்கள். திங்கட்கிழமை நான் புதுசு எதுவும் தொடங்கியதில்லை, போன வாரத்தையே மறுபடி. செவ்வாய் முதல் வியாழன் வரை புதுசு. வெள்ளிக்கிழமை எழுதுவதற்கு மார்க் போட மாட்டேன். தப்புகளை மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். அதுதான் திங்கட்கிழமைப் பாடம்.

அலங்காநல்லூர் அம்மா

டீச்சர், பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்கு ஊரிலேயே சொல்லிக்கொடுக்கிற இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் நான் தன்னார்வலராக இருந்தேன். எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் வகுப்பு. ழ விஷயத்தில் எனக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன்.

பேச்சைத் திருத்தப் போகாதீர்கள். ‘பளம்னு சொல்லாதே’ என்று ஒரு பையனிடம் இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் நாளிலிருந்து அவன் வாயே திறக்கவில்லை. இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. எழுத்தைக் கண்ணால் பழக்கினால் போதும். தினமும் கரும்பலகையில் கிழமை எழுதுகிறீர்களே, அதிலேயே ழ இருக்கிறது. அந்த ஓர் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு எழுதுங்கள், ஒரு பிள்ளை வந்து நிரப்பட்டும். வாரத்தில் ஐந்து தடவை அந்த எழுத்து கைக்குள் போகும், தனிப் பாடம் வேண்டாம்.

வாரத்துக்குப் பத்துச் சொல் அதிகம். நான் நாலு சொல்தான் வைப்பேன். ஒரு வாரம் புலி, புளி, கிளி, கிழி. நாலையும் வைத்து வாக்கியம் சொல்லச் சொன்னால் ‘புலி புளி தின்னாது’ என்று ஒருத்தி சொன்னாள். அந்த வாரம் யாரும் அதைத் தப்பாக எழுதவில்லை.

காலைச் சாப்பாடு முடிந்த நேரத்தில் அன்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்று பிள்ளைகளையே பலகையில் எழுதச் சொல்லலாம். பொங்கல், கிச்சடி, சாம்பார். பசியாறின சொல்லை மறக்க மாட்டார்கள்.

பூக்கடைக்காரர், மாட்டுத்தாவணி

என் மகள் ரெண்டாவது படிக்கிறாள். நான் படித்தது எட்டாவது. இந்த வாரம் என்ன பாடம் என்று டீச்சர் ஒரு வரி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் போதும், கடையிலேயே சொல்லிக்கொடுப்பேன். எடையும் சில்லறையும் எனக்குத் தெரிந்த கணக்குதானே. எழுதி அனுப்பினால் என் வீட்டம்மா படிக்கச் சிரமப்படுவார், குரலாக அனுப்புங்கள்.

உசிலம்பட்டி டீச்சர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். குச்சி, கட்டு எல்லாம் வந்துவிட்டது. ஒண்ணாவது பிள்ளைகளே எண்ணிக் கட்டினார்கள், அவர்களுக்கு அதுவே பாடமாகிவிட்டது. சார் சொன்னபடி கையை நீட்டிப் பேசாமல் நின்றேன். அன்றைக்கு வராமல் போனாளே, அவள்தான் முதலில் ரப்பரைக் கழற்றினாள். பக்கத்தில் இருந்தவன் ‘டீச்சர், கட்டைப் பிரிச்சுட்டா!’ என்று புகார் சொன்னான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் திங்கட்கிழமை எட்டுப் பேரில் ஆறு பேர் சரி. மற்ற இருவரும் குச்சி கையில் இருந்தால் போடுகிறார்கள், இல்லாவிட்டால் 45தான். அவர்களிடமிருந்து குச்சியை வாங்கப் போவதில்லை.

ழ மெதுவாக வருகிறது. மழையைச் சரியாக எழுதுகிறவர்கள் ‘பள்ளி’யையும் ‘பழ்ழி’ ஆக்குகிறார்கள். அடுத்த வாரம் ள சொற்களையும் சேர்க்கிறேன். பெற்றோருக்குக் குரல் செய்தியும் ஆரம்பித்துவிட்டேன் அண்ணா.

சார், ஒரு சந்தேகம். 100இலிருந்து 37 கழிக்க, நூறு குச்சியை ஒரே கட்டாகக் கொடுத்தேன். அவிழ்த்ததும் நூறும் தரையில் சிதறிவிட்டது. எண்ணி முடிப்பதற்குள் மணியடித்துவிட்டது.

திருமங்கலம் ஓய்வுபெற்ற ஆசிரியர்

பத்துச் சின்னக் கட்டுகளைச் சேர்த்து வெளியே ஒரு பெரிய ரப்பர் போடுங்கள் அம்மா. பெரியதைக் கழற்றினால் பத்துக் கட்டு. அதில் ஒன்றை மட்டும் பிரித்தால் ஒன்பது கட்டு, பத்து உதிரி. இப்போது மூன்று கட்டும் ஏழு குச்சியும் கேளுங்கள். மிச்சம் ஆறு கட்டு, மூன்று குச்சி. அந்த இரண்டு பிள்ளைகளையும் முன்னால் உட்கார வைத்துச் செய்யுங்கள்.