சேற்றுப் பாக்டீரியாவுக்கு மால்டி-டாஃப் பெயர் சொல்ல மறுக்கிறது

கழிமுகம்:
பிச்சாவரம் அலையாத்திக் காட்டுச் சேற்றிலிருந்து 42 பாக்டீரியாக்களைப் பிரித்து வளர்த்தேன். மால்டி-டாஃபில் (லேசரால் புரதங்களின் நிறையை அளந்து பாக்டீரியாவை அடையாளம் காணும் கருவி) வைத்தால் 11-க்குத்தான் மதிப்பெண் 2.0-ஐத் தாண்டியது, அதாவது இனப்பெயர் கிடைத்தது. 9-க்கு 1.7-க்கும் 2.0-க்கும் நடுவே, அதாவது பேரினம் மட்டும். மீதி 22-க்கு ஒன்றுமே இல்லை. மரீன் அகாரில் (கடல்நீர் போல உப்புள்ள வளர்ப்பு ஊடகம்) மூன்று நாள் வளர்ந்த காலனியைக் குச்சியால் தொட்டு நேரடியாகப் பூசி, மேலே மேட்ரிக்ஸ் (லேசர் ஆற்றலை உறிஞ்சும் கரைசல்) விட்டோம். எங்கே தப்பு? எல்லாவற்றுக்கும் 16எஸ் (ரைபோசோம் ஆர்.என்.ஏ மரபணுவின் வரிசையைப் படித்து அடையாளம் காணும் சோதனை) செய்யப் பணமில்லை.

பழைய_நுண்ணோக்கி:
மூன்று நாள், அதுவும் மரீன் அகார்! முதலில் அதைச் சரிசெய்யுங்கள். உப்பிலுள்ள சோடியம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஸ்பெக்ட்ரத்தின் (கருவி தரும் நிறை வரைபடம்) சிகரங்களை மங்கலாக்கிவிடும். பேசில்லஸாக இருந்தால் மூன்று நாளில் ஸ்போர் (உறங்குநிலை வித்து) வந்திருக்கும், அப்போது ஸ்பெக்ட்ரமே மாறிவிடும். கருவி பார்ப்பது 2,000 முதல் 20,000 டால்டன் வரையிலான புரதங்களை, பெரும்பாலும் ரைபோசோம் புரதங்களை.

24 மணி நேரக் காலனியை 300 மைக்ரோலிட்டர் நீரில் நன்றாகக் கலக்கி, 900 மைக்ரோலிட்டர் எத்தனால் சேர்த்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். எத்தனால் வாசனை துளியும் இல்லாமல் படிவு உலர வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். அப்புறம் 70% ஃபார்மிக் அமிலம், அதே அளவு அசிட்டோநைட்ரைல். மறுபடி சுற்றி, மேலே நிற்கும் தெளிவில் 1 மைக்ரோலிட்டர் எடுத்து வையுங்கள். அது காய்ந்ததும் மேட்ரிக்ஸ்.

தட்டும்_ஊசியும்:
அவர் சொன்னது சரி. ஆனால் கருவி ஒப்பிட்டுப் பார்க்கும் ஸ்பெக்ட்ர நூலகத்தில் பெரும்பங்கு மருத்துவமனைக் கிருமிகள்தான். அதில் இல்லாத இனத்தை எவ்வளவு சுத்தமாகத் தயாரித்தாலும் கருவி சொல்லாது. ஸ்பெக்ட்ரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குழுவாகப் பிரியுங்கள், குழுவுக்கு ஒன்றை மட்டும் 16எஸ்-க்கு அனுப்புங்கள். இன்னொன்று: பேசில்லஸ் சீரியஸ் குழு (மிக நெருங்கிய இனங்களின் தொகுப்பு) என்று வந்தால் இனப்பெயரை அப்படியே ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். அந்தத் தொகுப்புக்குள் பிரித்துச் சொல்வது இந்தக் கருவிக்குக் கஷ்டம்.

கழிமுகம்:
அந்த 22-ஐயும் நீங்கள் சொன்னபடியே திரும்பச் செய்தேன். முன்பு 1.42 காட்டிய ஒன்று இப்போது 2.08, விப்ரியோ அல்ஜினோலிட்டிகஸ்! ஒன்பது தேறின. மீதி 13-இலும் சிகரங்கள் கூர்மையாகவே இருக்கின்றன, பெயர்தான் இல்லை. ஒப்பிட்டதில் ஐந்து குழுக்கள். ஐந்தை மட்டும் அனுப்புகிறேன், அதற்குப் பணம் இருக்கிறது.

பழைய_நுண்ணோக்கி:
16எஸ் முடிவு வந்ததும் அந்த ஸ்பெக்ட்ரங்களை உங்கள் ஆய்வகத்து நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். அடுத்து அதே சேற்றை எடுத்து வருபவருக்கு உதவும்.