ஒரே வீடு, இரண்டு கணினி: லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப் பாதி தெரிகிறது, டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப் தெரியவே இல்லை

மாடிப்படி:
வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

கீழ்த்தளத்தில் டெஸ்க்டாப், விண்டோஸ் 10. அதன் யூஎஸ்பியில்தான் லேசர் பிரிண்டர் மாட்டியிருக்கிறது. மாடியில் லேப்டாப், விண்டோஸ் 11. டெஸ்க்டாப்பில் இருக்கும் புகைப்பட ஃபோல்டரை மாடியிலிருந்து திறக்க வேண்டும். லேப்டாப்பில் இருக்கும் வேலைக் கோப்புகளைக் கீழே இருந்து எடுக்க வேண்டும். மாடியிலிருந்தே பிரிண்ட் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

நடப்பது என்னவென்றால், லேப்டாப்பில் நெட்வொர்க் பட்டியலைத் திறந்தால் டெஸ்க்டாப்பின் பெயர் வருவதே இல்லை. ஆனால் முகவரிப் பட்டையில் இரண்டு சாய்கோடு போட்டு டெஸ்க்டாப்பின் ஐபி எண்ணை அடித்தால், பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. கொடுத்தால் தவறு என்கிறது. டெஸ்க்டாப்பில் தினமும் அதையே அடித்துத்தான் உள்ளே போகிறேன்! கீழே இருந்து லேப்டாப்பின் எண்ணை அடித்தால் பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் வரைகூடப் போகவில்லை. 80070035 என்று முடியும் பிழை, நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லையாம்.

இரண்டிலும் இன்டர்நெட் நன்றாக ஓடுகிறது. இரண்டையும் பலமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். முன்பு வீட்டுக் கணினிகளுக்குள் கோப்புகளைப் பகிர ஹோம்குரூப் என்று ஒன்று இருந்ததே, அதையும் காணோம்.

புயல்விரல்:
ப்ரோ, ரெண்டு மெஷின்லயும் ஃபயர்வாலை ஆஃப் பண்ணுங்க. கன்ட்ரோல் பேனல்ல விண்டோஸ் ஃபீச்சர்ஸ் போய் எஸ்எம்பி 1 டிக் பண்ணுங்க. பாஸ்வேர்டு கேக்குற ஷேரிங்கையும் ஆஃப் பண்ணிடுங்க. ஃபோல்டருக்கு எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல். அஞ்சு நிமிஷ வேலை. எனக்கு இதான் ஒர்க் ஆச்சு.

பழையகேபிள்:
புயல்விரல் சொன்ன நான்கில் எதையும் இப்போது செய்ய வேண்டாம். கதவு திறக்கவில்லை என்று சுவரை இடிக்கிற வேலை அது. கடைசியில் எது சரியானது, எது கெட்டது என்றே தெரியாது.

குறிப்பாக எஸ்எம்பி 1. எஸ்எம்பி என்பது கணினிகள் நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரப் பேசும் மொழி. அதன் இந்த முதல் பதிப்பு 1980-களில் பிறந்த நெறிமுறை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கணினிப் புழு உலகம் முழுக்கப் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 சர்வர் கூடவே வருவதில்லை. விண்டோஸ் 10-ம் 11-ம் தங்களுக்குள் எஸ்எம்பி 3-இல்தான் பேசிக்கொள்ளும். பழைய எக்ஸ்பி கணினியோ அந்தக் காலத்து நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க்கோ வீட்டில் இருந்தால் ஒழிய எஸ்எம்பி 1-க்கு வேலையே இல்லை. ஹோம்குரூப் 2018-இல் வந்த 1803 பதிப்போடு போய்விட்டது, அதைத் தேடாதீர்கள்.

உங்கள் பதிவில் ஒரு விஷயம் இடறுகிறது. ஒரு பக்கம் பாஸ்வேர்டு வரை போகிறது, மறுபக்கம் பாதையே இல்லை என்கிறது. வெறும் ஷேரிங் கோளாறு என்றால் இப்படி ஒருவழிப்பாதை ஆகும் வாய்ப்பு குறைவு. இரண்டிலும் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடித்து, ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அந்தக் கணினியின் எண்), டீஃபால்ட் கேட்வே (வெளியே போக அது பயன்படுத்தும் ரவுட்டரின் எண்) இரண்டையும் இங்கே போடுங்கள். பிறகு இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே பிங் செய்து, அதாவது கூப்பிட்டால் பதில் வருகிறதா என்று பாருங்கள்.

மாடிப்படி:
மன்னிக்கவும் சார், உங்கள் பதிலைப் பார்ப்பதற்குள் ஃபயர்வாலை இரண்டிலும் அணைத்துவிட்டேன். ஒரு மாற்றமும் இல்லை.

டெஸ்க்டாப்: 192.168.1.20, கேட்வே 192.168.1.1.
லேப்டாப்: 192.168.0.104, கேட்வே 192.168.0.1.

லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்கு பிங் போகிறது. டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு நான்கு முறையும் டைம் அவுட்.

பழையகேபிள்:
முதலில் ஃபயர்வாலை இரண்டிலும் திரும்பப் போடுங்கள்.

அடுத்து, மாடியில் இரண்டாவது ரவுட்டர் ஒன்று இருக்கிறது, நீங்கள் சொல்லவில்லை. சரியா?

மாடிப்படி:
இருக்கிறது! மாடியில் வைஃபை சிக்னல் போதவில்லை என்று, சும்மா கிடந்த பழைய ரவுட்டரை எடுத்து மாட்டினேன். கீழே இருக்கும் ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்து அதன் நீல நிறத் துளையில் சொருகியிருக்கிறேன். இன்டர்நெட் வந்துவிட்டது, அதனால் அது சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

பழையகேபிள்:
சம்பந்தமே அதுதான். அந்தத் தனி நிறத் துளை வேன் போர்ட், அதாவது வெளி இணைப்புக்கானது; மற்றவை வீட்டுக் கருவிகளுக்கான லேன் போர்ட்கள். அதில் சொருகியதும் மாடி ரவுட்டர் "கீழே இருப்பது எல்லாம் வெளியுலகம், எனக்குப் பின்னால் இருப்பதுதான் வீடு" என்று முடிவு செய்துவிடும். தன் பக்கத்துக்குத் தனி எண் வரிசை கொடுக்கும். உங்கள் எண்களில் மூன்றாவது இடத்தைப் பாருங்கள்: கீழே 1, மேலே 0. சப்நெட் மாஸ்க் (முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் எண்) 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால்தான் இரண்டும் ஒரே நெட்வொர்க். உங்களுடையது ஒரே வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க்.

லேப்டாப்பிலிருந்து போகும் எதையும் மாடி ரவுட்டர் தன் கீழ்த்தள முகவரியைப் போட்டு அனுப்பும். அந்த முகவரியும் 192.168.1 வரிசையில்தான் இருக்கும், அதனால் டெஸ்க்டாப்பின் ஃபயர்வால்கூட அதை வீட்டு ஆள் என்று நினைத்து விட்டுவிடும். பதிலும் ஒழுங்காகத் திரும்பி வரும். ஆனால் டெஸ்க்டாப் தானாக 192.168.0.104-ஐத் தேடினால், அப்படி ஒரு இடம் வீட்டுக்குள் இருப்பதே அதற்குத் தெரியாது. கீழ் ரவுட்டரிடம் கொடுக்கும். அதுவும் விழித்துவிட்டு வெளியே இன்டர்நெட் பக்கம் தள்ளிவிடும். கணினிகளின் பெயர்கள் பட்டியலில் வராததற்கும் இதே காரணம்தான். "யார் யார் இருக்கீங்க" என்ற கூவல் ரவுட்டரைத் தாண்டாது.

சரி செய்வது எப்படி. மாடி ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் மோடு (தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் நிலை) என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்யுங்கள், முடிந்தது. பழைய ரவுட்டர் என்கிறீர்கள், இல்லாமலும் போகலாம். அப்படியானால் கையால் செய்ய வேண்டும், வரிசை மாறக்கூடாது.

கீழிருந்து வரும் கேபிளை முதலில் கழற்றிவிடுங்கள். வேன் பக்கமும் லேன் பக்கமும் ஒரே வரிசை எண் என்றால் பல ரவுட்டர்கள் ஏற்காமல் முரண்டு பிடிக்கும், அதற்காகத்தான். லேப்டாப்பை மாடி ரவுட்டரோடு இணைத்து, அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். கீழ் ரவுட்டர் மற்றவர்களுக்குத் தானாகப் பிரித்துக் கொடுக்கும் எண்களுக்குள் இந்த 2 வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனதும் புதிய முகவரியில் மறுபடி உள்ளே போய், டிஎச்சிபி சர்வரை அணையுங்கள். எண் கொடுப்பவர் வீட்டில் ஒருவர்தான் இருக்க வேண்டும். கடைசியாக, கழற்றிய கேபிளை வேன் போர்ட்டில் போடாமல் மற்ற நான்கில் ஏதாவது ஒரு லேன் போர்ட்டில் சொருகுங்கள். இனி அந்த ரவுட்டர் வெறும் வைஃபை பெட்டி.

நீலத்திரை:
இடையில் ஒரு வார்த்தை. இதே அறிகுறி எனக்கும் வந்தது, ஆனால் என்னிடம் ஒரே ரவுட்டர்தான். லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் சேர்ந்திருந்தது! விருந்தாளிகளுக்கான வைஃபை வீட்டுக் கணினிகளைப் பார்க்கவிடாது, அது அதற்காகவே இருப்பது. வைஃபையில் சேர்ந்த கருவிகளை ஒன்றையொன்று பார்க்கவிடாத ஏபி ஐசோலேஷன் என்ற தேர்வு ஆனில் இருந்தாலும் இப்படித்தான் ஆகும். இன்டர்நெட் ஜோராக வரும், பக்கத்துக் கணினி மட்டும் வராது.

மாடிப்படி:
ஆக்சஸ் பாயின்ட் மோடு இல்லை, கையால்தான் செய்தேன். லேப்டாப்புக்கு இப்போது 192.168.1.105. கேட்வேயும் 192.168.1.1 ஆகிவிட்டது.

ஆனால் கீழே இருந்து பிங் செய்தால் இன்னும் டைம் அவுட்தான் சார்.

பழையகேபிள்:
லேப்டாப்புக்கு இது புது நெட்வொர்க். விண்டோஸ் 11 புது இணைப்பை பப்ளிக் என்றே எடுத்துக்கொள்ளும், அதாவது யாரென்று தெரியாத பொது இடம். அப்போது ஃபயர்வால் யாருக்கும் பதில் சொல்லாது. செட்டிங்ஸில் அந்த வைஃபையின் ப்ராபர்ட்டீஸ் போய் பிரைவேட் என்று மாற்றுங்கள். பிறகு அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் பிரைவேட் பகுதியில் நெட்வொர்க் டிஸ்கவரியும் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கும் ஆனில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டெஸ்க்டாப்பிலும் இதே சோதனை.

இன்னொன்று: டெஸ்க்டாப்பில் "தினமும் அதையே அடிக்கிறேன்" என்றீர்களே, அது நான்கு இலக்க எண்ணா?

மாடிப்படி:
பிங் போகிறது! பெயரும் பட்டியலில் வந்துவிட்டது.

ஆமாம், நான்கு இலக்கப் பின் தான். எப்படித் தெரிந்தது?

பழையகேபிள்:
இந்தக் கேள்வியில் பாதிப் பேர் அங்கேதான் விழுகிறார்கள். பின் என்பது அந்தக் கணினியின் விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் செல்லும். நெட்வொர்க் வழியாக வருகிறவர் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டைத்தான் கொடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் பயனர் பெயர் இருக்கும் இடத்தில் முழு மின்னஞ்சல் முகவரி. பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றால் விண்டோஸ் அதை நெட்வொர்க் வழியாக உள்ளே விடவே விடாது.

என் பழக்கம் இது: டெஸ்க்டாப்பில் பகிர்வுக்கென்றே தனியாக ஒரு லோக்கல் பயனரை உருவாக்கி, அதற்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுவிடுவேன். புகைப்பட ஃபோல்டருக்கு மட்டும் அந்தப் பெயருக்கு அனுமதி. சொந்தக் கணக்கின் பாஸ்வேர்டை இன்னொரு கணினியில் சேமித்து வைக்க வேண்டியதில்லை. அனுமதி கொடுக்கும்போது ஷேரிங் டேப், செக்யூரிட்டி டேப் இரண்டிலும் அந்தப் பெயர் இருக்க வேண்டும். இரண்டில் எது இறுக்கமோ அதுதான் நிற்கும். ஷேரிங்கில் எல்லாம் திறந்துவிட்டு செக்யூரிட்டியை மறந்துவிட்டு, "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வருகிறதே எனப் புலம்புகிறவர்கள் ஏராளம். நானும் ஒரு காலத்தில் புலம்பியிருக்கிறேன். சி டிரைவை மொத்தமாகப் பகிராதீர்கள்.

புதுப் பெயரைக் கொடுத்தும் பழைய பெயரையே பிடித்துக்கொண்டு தொங்கினால், அல்லது 1219 என்ற பிழை வந்தால், லேப்டாப்பில் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் டெஸ்க்டாப்பின் பழைய பதிவை நீக்கிவிட்டு, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

மாடிப்படி:
1219 வந்தது, நீங்கள் சொன்னபடியே போனது. புகைப்படங்கள் திறந்துவிட்டன. லேப்டாப்பிலும் இதேபோல் ஒரு பயனர் வைத்தேன், கீழே இருந்தும் திறக்கிறது. உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்!

பிரிண்டர் மட்டும் பாக்கி. டெஸ்க்டாப்பில் ஷேர் செய்தேன், லேப்டாப்பில் தெரிகிறது, கனெக்ட் கொடுத்தால் 011பி என்று முடியும் பிழை.

புயல்விரல்:
அதுக்கு ரெஜிஸ்ட்ரில, அதான் விண்டோஸோட உள் அமைப்புகள் இருக்குற இடத்துல, ஒரு என்ட்ரி இருக்கு ப்ரோ, ஜீரோ போட்டா சரியாயிடும். வீடியோ நிறைய இருக்கு.

பழையகேபிள்:
இந்த முறை புயல்விரல் சொல்வது உண்மைதான், சரியாகிவிடும். ஆனால் அதன் விலை என்ன என்று வீடியோக்கள் சொல்வதில்லை. பிரிண்ட் சேவையில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க 2021 செப்டம்பர் அப்டேட்டில் ஒரு கட்டாயத்தைப் புகுத்தினார்கள். இரு கணினிகளும் அதற்கு ஒத்துப்போகாதபோது வருவதுதான் 011பி. ஜீரோ போடுவது அந்த அடைப்பைப் பிடுங்குவது.

இரண்டிலும் வரவேண்டிய அப்டேட்டுகளை முதலில் போடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அதையும் மனதில் வையுங்கள். அப்படியும் வந்தால் சுற்றுவழி ஒன்று உண்டு. பிரிண்டரின் டிரைவரை லேப்டாப்பிலேயே நிறுவுங்கள். பிரிண்டரைக் கையால் சேர்க்கும் தேர்வில் போய் புது லோக்கல் போர்ட் உருவாக்குங்கள். போர்ட்டின் பெயராக இரண்டு பின்சாய்கோடு, டெஸ்க்டாப்பின் பெயர், ஒரு பின்சாய்கோடு, பிரிண்டரின் பகிர்வுப் பெயர். பகிர்வுப் பெயரைச் சின்னதாக, இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

மாடிப்படி:
அப்டேட் போட்டும் பிழை போகவில்லை. லோக்கல் போர்ட் வழியில் முதல் பக்கம் வந்தது! மாலையில் மறுபடி கொடுத்தேன், வரிசையில் நிற்கிறது, நகரவில்லை. போய்ப் பார்த்தால் டெஸ்க்டாப் தூங்குகிறது.

பழையகேபிள்:
அது தூங்கினால் அதன் தோளில் உட்கார்ந்திருக்கும் பிரிண்டரும் போச்சு. பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை நெவர் என்று வைக்கலாம். ஒரு பக்கம் அச்சடிக்க ஒரு கணினியை நாள் முழுக்க விழித்திருக்க வைப்பது எனக்குப் பிடிக்காது, உங்கள் இஷ்டம்.

நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது: அந்த பிரிண்டருக்கு வைஃபை இல்லையா? பின்பக்கம் லேன் துளையாவது?

மாடிப்படி:
வைஃபை இல்லை. இப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். யூஎஸ்பி துளைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, வாங்கிய நாளிலிருந்து பிரிக்கவே இல்லை. உரித்தேன்.

உள்ளே லேன் துளை.

பழையகேபிள்:
ஒரு லேன் கேபிளை எடுத்து பிரிண்டரிலிருந்து நேராக ரவுட்டரில் சொருகுங்கள். ரவுட்டரில் அந்த பிரிண்டருக்கு ஒரு எண்ணை ரிசர்வ் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் எண் மாறி "பிரிண்டர் ஆஃப்லைன்" என்று இன்னொரு கேள்வியோடு வருவீர்கள். இரண்டு கணினியிலும் டிசிபி ஐபி முகவரி மூலம் பிரிண்டரைச் சேருங்கள். லோக்கல் போர்ட், பகிர்வு, 011பி எல்லாவற்றையும் மறந்துவிடலாம்.

மாடிப்படி:
192.168.1.50 ரிசர்வ் செய்தாயிற்று. டெஸ்க்டாப் அணைந்தே கிடக்கிறது, மாடியிலிருந்து கொடுத்த நான்கு பக்கமும் கீழே வந்து விழுந்த சத்தம் கேட்டது.

நீலத்திரை:
அந்த ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தது?

மாடிப்படி:
"முதலில் யூஎஸ்பி கேபிளை இணைக்காதீர்கள்."