காசு கொடுத்தவருக்கே படம் சொந்தமா? டர்பன் கல்யாண, கோயில் ஷூட் அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த்_ஃபிரேம்

தாலி கட்டும் படம். மாப்பிள்ளை கை, மஞ்சள் கயிறு, பின்னால் விளக்கோடு நாத்தனார். அது இப்போது ஒரு நகைக்கடை விளம்பரப் பலகையில் நிற்கிறது. எடுத்தவர் பெயர் எங்கேயும் இல்லை. கடைக்காரரைக் கேட்டால், "பெண் வீட்டார்தான் கொடுத்தாங்க." பெண் வீட்டாரைக் கேட்டால், "நாங்கதானே காசு கொடுத்தோம்?"

வயிற்றெரிச்சல் என்னவென்றால் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 21(1)(சி): காசு பேசி எடுக்கச் சொன்ன ஃபோட்டோவும் வீடியோவும் எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம். யூடியூபில் பாடம் நடத்தும் அமெரிக்கர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே சுயதொழில் ஃபோட்டோகிராஃபரிடம்தான் உரிமை முதலில் போய்ச் சேரும். அதனால் அவர்களுடைய ஒப்பந்த மாதிரிகள் சிலவற்றில் உரிமை யாருக்கு என்ற வரியே இருக்காது. அதை இறக்கிப் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்து வாங்கினால், இங்கே அந்த மௌனம் வாடிக்கையாளர் பக்கம் சாய்ந்துவிடும்.

ஃபீனிக்ஸ்_கத்தரி

அண்ணே, பாதிதான் சொல்லியிருக்கீங்க. உரிமை போனாலும் பெயர் போகாது. அதே சட்டத்தில் பிரிவு 20 இருக்கிறது. இதை எடுத்தவர் நான் என்று கோரவும், தன் பெயர் கெடும்படி படத்தைச் சிதைத்தால் எதிர்க்கவும் எடுத்தவருக்கு இடம் உண்டு. பலகையில் பெயர் போடச் சொல்லிக் கேட்கலாம். காசு வராது, அது வேறு விஷயம்.

21(1)(சி)-யை எடுப்பவரும் வாடிக்கையாளரும் ஒத்துக்கொண்டு விலக்கி வைக்கலாம். கோட்டேஷனில் இவ்வளவு போதும்: "பிரிவு 21(1)(சி) இந்த வேலைக்குப் பொருந்தாது. பதிப்புரிமை படம் எடுத்தவருக்கே. வாடிக்கையாளர் வீட்டிலும் தம் சொந்த சமூக ஊடகப் பக்கங்களிலும் பயன்படுத்தலாம். விளம்பரத்துக்குத் தனி அனுமதி, தனிக் கட்டணம்." முன்பணம் வாங்குவதற்கு முன்னால் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ஆல்பம் கொடுத்த பிறகு என்றால் வாடிக்கையாளரே உரிமையை எழுதிக் கொடுத்துக் கையெழுத்திட வேண்டும், பிரிவு 22(3). வாய்ச்சொல் செல்லாது. ஆல்பம் கைக்குப் போன பிறகு யார் எழுதிக் கொடுப்பார்கள்?

விளம்பர அனுமதி கொடுத்தால் ஊர், காலம், ஊடகம் மூன்றையும் எழுதுங்கள்: குவாசுலு-நட்டால் (டர்பன் இருக்கும் மாகாணம்) மட்டும், 12 மாதம், பலகை மட்டும். இதில் ஒன்றை விட்டாலும் அதே படம் அடுத்த வருடம் டிவியில் வரும்.

இசிபிங்கோ_அக்கா

சட்டம் இருக்கட்டும். என்னை உறுத்துவது போன வாரம் பார்த்த ஒரு கல்யாண வீடியோ. தாலி ஏறுகிற நேரத்தில் திரை முழுக்கக் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருக்கின்றன. கெட்டிமேளம் முழங்கி முடிந்ததும் ஐயர் வாய் அசைகிறது, சத்தம் இல்லை.

பட்டைக்குக் காரணம் மின்சாரம். இங்கே 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து மலிவு எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். போனில் தானாக வரும் நொடிக்கு 30 ஃபிரேம், 1/60 நொடி ஷட்டர் 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கானது. இங்கே 25 ஃபிரேம், 1/50. ஸ்லோமோஷனுக்கு 50 ஃபிரேம், 1/100. 30 ஃபிரேமில்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாலும் ஷட்டரையாவது 1/50-க்குக் கொண்டுவாருங்கள். மேடையில் டிஜேக்காரர் வைக்கும் எல்இடி திரை இந்தக் கணக்குக்குள் வராது, அதன் மினுக்கம் வேறு வேகம். கேமராவில் ஷட்டரை நுணுக்கமாக நகர்த்தும் வசதி இருந்தால், திரையைப் பார்த்துக்கொண்டே பட்டை நிற்கும் வரை நகர்த்துங்கள். ஃபோட்டோவுக்கு மெக்கானிக்கல் ஷட்டர் மட்டும். சத்தம் வராது என்று எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் அங்கேயும் பட்டைதான்.

சத்தம் போனதற்குக் காரணம் ஆட்டோ கெயின், அதாவது மைக் அளவைக் கேமரா தானாகக் கூட்டிக் குறைப்பது. நாதஸ்வரமும் தவிலும் ஒரேயடியாக உச்சத்துக்குப் போனதும் கேமரா பயந்து மைக்கைக் குறைத்துவிடுகிறது. பழைய நிலைக்கு வரச் சில நொடி ஆகும், அதற்குள் மந்திரம் போயே போச்சு. ஆட்டோவை அணையுங்கள். மாப்பிள்ளை அழைப்பின்போது மேளக்காரர் முழு வேகத்தில் வாசிப்பார், அப்போது லெவல் வையுங்கள், உச்சம் −12 டெசிபெலைத் தாண்டாமல். மந்திரத்துக்கு ஐயர் அங்கவஸ்திரத்தில் தனி காலர் மைக், தனி ரெக்கார்டர். மைக் துணியில் உரசாமல் டேப் ஒட்டுங்கள். அவர் ஹோமத்துக்குக் குனியும்போது அங்கவஸ்திரம் நழுவும், அதனால் வயரில் ஒரு சுற்று விட்டு வையுங்கள்.

இன்னொன்று. ஏசி மண்டபத்திலிருந்து இங்கத்திய கோடையான ஜனவரி மாத வெக்கைக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், லென்ஸ் வேர்த்துவிடும். உள்ளேயே ஜிப் பையில் மூடி, அரை மணி நேரம் வெளியே வையுங்கள், பிறகு திறக்கலாம். துடைத்தால் திரும்பத் திரும்ப வேர்க்கும்.

எட்ஜ்கோம்_தம்பி

அக்கா, பேச்சு உரிமையைப் பற்றி, வந்தது பட்டையும் சத்தமும் 🙂 நானும் கோயில் ஷூட் பக்கம் போகிறேன்.

மவுண்ட் எட்ஜ்கோம் கோயிலில் புனித வெள்ளியன்று திருவிழா, பூக்குழிக்கு நேர் மேலே டிரோன். இறக்கச் சொன்னால், "250 கிராம்தான், லைசென்ஸ் தேவையில்லை" என்று பதில். அது வேறு நாட்டுக் கதை. இங்கே விமானப் போக்குவரத்து விதி 101-ஆம் பகுதிப்படி அனுமதி இல்லாமல் ஆட்களுக்கோ பொதுச் சாலைக்கோ 50 மீட்டருக்குள், விமான நிலையத்துக்கு 10 கிலோமீட்டருக்குள் பறக்கவிடக் கூடாது. மவுண்ட் எட்ஜ்கோமுக்கு வெர்ஜீனியா விமான நிலையம் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. காசு வாங்கிப் பறக்கவிட்டால் பைலட் லைசென்ஸோடு டிரோன் தொழில் நடத்துவதற்கான சான்றிதழும் வேண்டும். அது இருக்கிற ஆளை நாள் கூலிக்கு அமர்த்துவது உத்தமம்.

ஃபீனிக்ஸ்_கத்தரி

தம்பி சொன்னது சரி. ஆனால் முதல் பதிவின் விஷயம் இன்னும் முடியவில்லை. கல்யாணத்தில் தொடங்கி ஆவணப்படத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க. பட நிதிக்கு விண்ணப்பித்தாலும் டிவிக்கு விற்றாலும், ஒவ்வொரு காட்சியும் உங்களுடையது என்று தாள் காட்டச் சொல்வார்கள். கல்யாண ஃபுட்டேஜ் அந்த வீட்டாருடையது என்றால், நீங்களே எடுத்ததற்கு அவர்களிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டிவரும். திருவிழாவில் யாரும் அமர்த்தாமல் நீங்களாக எடுத்தது மட்டும் நேராக உங்களுக்கு.

ஹைலைட்ஸுக்கு சினிமாப் பாட்டு போடுகிறவர்கள் இன்னொரு சிக்கலில் மாட்டுவார்கள். மண்டபம் சாம்ரோ (இங்குள்ள இசை உரிமை அமைப்பு) லைசென்ஸ் எடுத்திருந்தால் அது அங்கே பாட்டு ஒலிக்கவிட மட்டும். படத்தோடு சேர்க்க, இசையமைப்பு உரிமை வைத்திருப்பவரிடமும் ஒலிப்பதிவு நிறுவனத்திடமும் தனித்தனியாக அனுமதி வேண்டும். வாடிக்கையாளர் பாட்டோடு ஒரு கட் (எடிட் செய்த பதிப்பு) கேட்டால், மேளமும் மந்திரமும் மட்டும் உள்ள இன்னொரு கட்-ஐயும் அதே டைம்லைனில் எடுத்து வையுங்கள். ஆள் தேடும் தயாரிப்பாளருக்கு அனுப்ப அதுதான் உதவும். அக்கா சொன்ன காலர் மைக் இல்லையென்றால் அந்தக் கட் எடுக்கவே முடியாது.