மாட்டுக்குப் போடும் ஊசி, எனக்குப் போட்ட ஊசி: சமூகவியல் படித்தவர்களிடம் ஒரு கேள்வி

உறைகுழல் கேட்கிறார்:

நான் கால்நடை மருத்துவர். பதினொரு வருடமாக மாடுகளுக்குச் சினை ஊசி போட்டு வருகிறேன். இரண்டு வருடமாக நானே சோதனைக்குழாய் கருத்தரிப்புச் சிகிச்சையில் இருக்கிறேன். மூன்று முறை கரு வைத்தார்கள். மூன்றும் நிற்கவில்லை.

"நிற்கவில்லை" என்று கை தானாக எழுதிவிட்டது பாருங்கள். மாட்டுக்குச் சொல்வது அது. மூன்று ஊசிக்கு மேல் போட்டும் சினை நிற்காத மாட்டுக்கு எங்கள் பதிவேட்டில் தனிப் பெயர் உண்டு: ரிப்பீட் பிரீடர். அந்தப் பெயர் விழுந்துவிட்டால் மாட்டை அதிக நாள் வைத்திருக்க மாட்டார்கள். எத்தனையோ மாடுகளுக்கு என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

கருமுட்டை எடுப்பதற்கு ஒன்றரை நாள் முன்பு ஒரு ஊசி போடுவார்கள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் எச்சிஜி என்ற கர்ப்பகால ஹார்மோன்! சினைப்பையில் கட்டி இருக்கும் மாட்டுக்குப் போட என் பையிலும் அதுதான் இருக்கிறது. கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தது. முகம் தெரியாத யாரோ ஒருத்தியின் உடம்பில் ஊறியது மாட்டுக்கும் போகிறது, எனக்கும் வருகிறது. இதைச் சிரித்துக்கொண்டே நர்ஸிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்படியெல்லாம் சொல்லாதீங்க மேடம், இது வேற" என்றார்.

காத்திருக்கும் பெண்களில் யாராவது ஒருவர் தினமும் "மாட்டை மாதிரி நடத்துறாங்க" என்று சொல்லிவிடுவார். எனக்கு அதுவும் உறுத்துகிறது. நான் மாட்டிடம் போனால் முதலில் முதுகில் கை வைப்பேன். அது விறைத்துக்கொண்டு நின்றால் காத்திருப்பேன். இங்கே ஸ்கேன் எடுத்தவர் என் முகத்தைப் பார்க்காமலே, முட்டை வளரும் பைகளை "வலது ஏழு, இடது நாலு" என்று எண்ணிச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பெண் உடம்பையும் மாட்டு உடம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதை வசவாக ஆக்காமல், யாராவது யோசித்திருக்கிறார்களா? இது என் வாழ்க்கை என்பதால் எனக்கே சரியாகப் பிடிபடவில்லை.

நெடுஞ்சாய்வு:

சமூகவியலில் ஆய்வு மாணவன். நர்ஸ் ஆறுதலுக்காகத்தான் சொல்லியிருப்பார், ஆனால் "இது வேற" என்பது வரலாற்றில் நிற்காது. 1890-இல் வால்டர் ஹீப் என்பவர் ஓர் அங்கோரா முயலின் கருக்களை எடுத்து வேறு இன முயலின் வயிற்றில் வைத்துக் குட்டிகள் பிறக்கச் செய்தார். விந்தில் கிளிசரால் கலந்தால் உறைந்த பிறகும் உயிர் பிழைக்கும் என்பது 1949-இல் சேவலின் விந்தை வைத்துத் தெரிந்தது. உடலுக்கு வெளியே கருத்தரித்த முட்டையிலிருந்து 1959-இல் முயல்குட்டிகள் பிறந்தன. 1978-இல்தான் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன். அந்தக் குழந்தை பிறக்கக் காரணமான ராபர்ட் எட்வர்ட்ஸ் கல்லூரியில் முதலில் படித்ததே வேளாண்மை. அப்புறம்தான் விலங்கியலுக்கு மாறி எலிகளிடம் போனார். ஆக, நீங்கள் படுத்திருந்த மேசைக்கு முன்னோர் கொட்டிலிலும் முயல் கூண்டிலும் இருக்கிறார்கள்.

இதை எழுதியவர்களில் இருவரைச் சொல்வேன். உயிரியல், மருத்துவம், வேளாண்மை ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்தே இனப்பெருக்க அறிவியலைக் கட்டின என்று காட்டியவர் அடெல் கிளார்க். சாரா ஃபிராங்க்ளின் மனிதக் கருத்தரிப்புச் சிகிச்சையை ஆராய்ந்துவிட்டு, குளோனிங் முறையில் நகலெடுத்துப் பிறந்த டாலி ஆட்டிடம் போனவர். டாலிக்கு மடிச் செல் ஓர் ஆட்டுடையது, முட்டை இன்னோர் ஆட்டுடையது, சுமந்தது மூன்றாவது. அம்மா யார் என்ற கேள்வியை வாடகைத்தாய் வழக்குகளில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

எச்சிஜி என்றதும் ஞாபகம் வந்தது. 1930-களிலிருந்து சில பத்தாண்டுகள் கர்ப்பச் சோதனைக்கு ஆப்பிரிக்க நகத்தவளையைப் பயன்படுத்தினார்கள். பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசி போட்டு இரவு விட்டுவைப்பார்கள். விடிந்ததும் அது முட்டையிட்டிருந்தால் அந்தப் பெண் கர்ப்பம். தவளைக்குள் வேலை செய்தது உங்கள் பையில் இருக்கும் அதே எச்சிஜிதான். அதற்கு முன்பு எலியையும் முயலையும் கொன்று அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தவளையை மறுபடியும் பயன்படுத்தலாம் என்பதுதான் அதன் பெருமை!

ஈரமண்:

வருத்தமாக இருக்கிறது, டாக்டர். ஆனாலும் ஒன்று கேட்டுவிடுகிறேன். முதுகில் கை வைத்தேன் என்கிறீர்கள். மாடு கேட்டதா? நீங்கள் கையெழுத்துப் போட்டுத்தான் படுத்தீர்கள். நாலாவது முறை வேண்டாம் என்றால் எழுந்து வீட்டுக்குப் போகலாம். சினை நிற்காத மாடு போகிற இடம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மருந்து ஒன்றுதான், ஹார்மோன் ஒன்றுதான், சரி. ஆனால் "எல்லாம் ஒரே உடம்பு" என்று பேசினால் யார் கையில் கயிறு இருக்கிறது என்பது மறைந்துவிடுகிறது.

நெடுஞ்சாய்வு:

நியாயம். ஆனால் கையெழுத்துப் போட்டதாலேயே எல்லாம் விருப்பம் ஆகிவிடுமா? உடம்பை எப்படிப் பேசுகிறார்கள் என்பதிலும் கயிறு இருக்கிறது. பாடப்புத்தகங்களில் விந்தணு வீரனைப்போலப் பாய்ந்து வருவதையும் முட்டை சும்மா காத்திருப்பதையும் எமிலி மார்ட்டின் என்ற மானிடவியலாளர் 1991-இல் ஒரு கட்டுரையில் பிரித்துக் காட்டினார். அறிவியலுக்குள்ளேயே ஆண் பெண் கதை ஓடுகிறது என்றார். ஸ்கேன் அறையில் எண்ணிக்கை மட்டும் பேசியதும் அப்படி ஒரு பேச்சுதான்.

பழஞ்சொல்:

குறுக்கே ஒரு வார்த்தை. மாடு என்றால் சினை, பெண் என்றால் கர்ப்பம் என்று வாயில் பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் பெண்ணின் உறுப்புக்கே சினைப்பை என்று பெயர்! அது மட்டும் யாருக்கும் அவமானமாகப் படவில்லை. தொல்காப்பிய மரபியல் மனிதக் குழந்தைக்குக் குழவி, மகவு என்ற இரண்டு இளமைப் பெயர்களை மட்டுமே கொடுக்கிறது. அந்தக் குழவி யானைக்கும் பசுவுக்கும் எருமைக்கும் உண்டு. மகவு குரங்குக்கும் உண்டு. தனக்கென்று தனியாக ஒரு சொல்லை மனிதன் வைத்துக்கொள்ளவில்லை.

உறைகுழல்:

எல்லோருக்கும் நன்றி. தவளைக் கதையைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன். நெடுநாளைக்குப் பிறகு இரண்டு பேரும் இந்த விஷயத்தைச் சிரித்துப் பேசினோம்.

ஈரமண், நீங்கள் கேட்டது குத்தியது. உண்மையைச் சொன்னால், முதுகில் கை வைப்பது முதலில் எனக்காகத்தான். பின்னால் நிற்பது நான் என்று அதற்குத் தெரியாவிட்டால் உதைக்கும். முதல் வருடமே முட்டியில் வாங்கியிருக்கிறேன். அன்பு என்று நான் நினைத்துக்கொண்டதில் பாதி பயம். ஆனாலும் அந்தப் பயத்தால்தான் அதன் தோல் நடுங்குவதைக் கவனிக்கப் பழகினேன். நான் உதைக்க மாட்டேன் என்று ஸ்கேன் எடுப்பவருக்குத் தெரியும்.

நேற்று ஒரு மாட்டுக்கு நாலாவது ஊசி. படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கிறது, எழுதாமல் விட முடியாது. எழுதினேன். இந்த முறை நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறேன், அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள் என்று மாட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். அவர் மாட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "இன்னும் எத்தனை தடவைதான் பார்க்கிறது, டாக்டரம்மா?" என்றார்.